வரலாற்று வகுப்புக்கு எந்தப் படம்? கட்டபொம்மனா, கப்பலோட்டிய தமிழனா, மதராசபட்டினமா?

வரலாற்றுப் பாடத்துக்குப் படம் போடலாம் என்று பேச்சு வந்தாலே, ஆசிரியர் அறையில் முதலில் அடிபடுவது ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959). அடுத்தது ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961). சென்னைப் பிள்ளைகளாயிற்றே, ‘மதராசபட்டினம்’ (2010) போடலாம் என்று இளம் ஆசிரியர் யாராவது சொல்வார். முதல் இரண்டுக்கும் இயக்குநர் பி.ஆர்.பந்துலு, நாயகன் சிவாஜி. ஆனாலும் வகுப்பில் அவை செய்யும் வேலை வேறு.

கட்டபொம்மனின் பலம் ஆங்கிலேயக் கலெக்டர் ஜாக்சனுடனான சந்திப்புக் காட்சி. வசனம் தொடங்கியதும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். சிக்கலும் அதுதான்: சினிமா வசனம் விடைத்தாளில் வரலாறாக வந்து நிற்கும். பாடப்புத்தகம் சொல்வது இதைவிடச் சுவையானது. 1798இல் ராமநாதபுரச் சந்திப்பு கைகலப்பில் முடிந்து லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்படுகிறார். கிழக்கிந்தியக் கம்பெனியின் விசாரணைக் குழுவோ கட்டபொம்மன் குற்றமற்றவர் என்கிறது. ஜாக்சனின் பதவி பறிபோகிறது. மறு ஆண்டே கயத்தாறில் கட்டபொம்மனுக்குத் தூக்கு. இடையில் என்ன நடந்தது? வசனத்தின் வேகத்தில் இந்தக் கேள்வியே எழாது. அதனால் முழுப்படம் வேண்டாம். அந்த ஒரு காட்சியும் பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கமும் ஒரு பீரியடுக்குப் போதும்.

மதராசபட்டினத்தின் காதல் கதை கற்பனை. 1895 முதல் 1953 வரை டிராம் ஓடிய ஊரைக் கண்ணில் காட்ட அதிலிருந்து பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளலாம்.

முழுதாகப் போட என் தேர்வு கப்பலோட்டிய தமிழன்தான். வெற்றியை மட்டும் சொல்லி முடியாத வாழ்க்கை வ.உ.சி.யுடையது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி. 1908இல் கைது, 40 ஆண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்து 1912இல் விடுதலையானபோது வரவேற்கக் கூட்டமில்லை. “ஏன் சார் யாருமே வரல?” என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைய பாடம் அங்கிருந்து தொடங்குகிறது.

படத்தைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. வ.உ.சி. தன் வாழ்க்கையைச் செய்யுளில் தானே எழுதியிருக்கிறார். படத்துக்கு அடிப்படையான ம.பொ.சி.யின் நூலும் உண்டு. கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. அதன் முன்னால் பிள்ளைகளை நிறுத்தி, படத்தில் பார்த்ததில் எதற்கு ஆதாரம் இருக்கிறது, எது இயக்குநர் சேர்த்தது என்று கேட்க வேண்டும். வேறெந்தப் படத்துக்கும் சென்னையில் இப்படியொரு வாய்ப்பு எளிதில் அமையாது.

குறையும் உண்டு. மாடசாமி, கண்ணம்மா காதல் பகுதி வகுப்புக்கு நீளம், அதைத் தாண்டிவிடலாம். பாரதி பாடல்களை மட்டும் வெட்டாதீர்கள், தமிழாசிரியரும் வந்து உட்காருவார். மூன்று மணி நேரத்தை ஒரே நாளில் ஓட்டாமல் ஐந்தாறு பீரியடாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கடைசிப் பத்து நிமிடத்தைக் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கினால், செப்டம்பர் 5, வ.உ.சி. பிறந்த நாளுக்குள் முடித்துவிடலாம். காலாண்டுத் தேர்வோடும் மோதாது.