‘கட்’டா, ‘ஆக்’கா?

லினக்ஸில், வட்டில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று ‘டிஎஃப்’ (df) கட்டளையிடம் கேட்டால் ஒரு அட்டவணையே வந்து விழும். கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த என் ஸ்கிரிப்டுக்கு வேண்டியதோ ஐந்தாவது பத்தியில் (நெடுவரிசையில்) இருக்கும் ‘60%’ என்ற எண் மட்டும்.

முதலில் கை போவது, வரியிலிருந்து வேண்டிய பத்தியை வெட்டித் தரும் ‘கட்’ (cut) கட்டளை பக்கம். பிரிப்பான் ஸ்பேஸ், பத்தி 5 என்று கொடுத்தேன். வந்தது வெற்று வரி. பத்திகளை நேராக நிறுத்த டிஎஃப் பல ஸ்பேஸ்களைப் போடுகிறது, ‘கட்’ ஒவ்வொன்றையும் தனிப் பிரிப்பானாக எண்ணுகிறது. எழுத்துகளை மாற்றும் ‘டிஆர்’ (tr) கட்டளையை இடையில் வைத்து ஸ்பேஸ்களைச் சுருக்கினால் சரியாகும், ஆனால் கட்டளைகளைக் கோக்கும் ‘பைப்’ தொடர் நீளும்.

1977-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த ‘ஆக்’ (awk) என்ற உரை அலசும் மொழி அடுத்தடுத்த ஸ்பேஸ்களை ஒன்றாகவே பார்க்கும். தலைப்பு வரியைத் தள்ளுவது, % குறியை நீக்குவது, 90-ஐத் தாண்டினால் மட்டும் அச்சிடுவது எல்லாம் ஒரே கட்டளையில் முடியும். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள். இரட்டை மேற்கோள் போட்டால், ‘ஆக்’கில் பத்தியைக் குறிக்கும் டாலர் குறியை ($5), கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லே விழுங்கிவிடும். இதில் ஒரு சாயங்காலமே எனக்குப் போயிற்று.

அப்புறம் ‘கட்’ எதற்கு? பயனர் பட்டியல் இருக்கும் பாஸ்வேர்டு கோப்பு (/etc/passwd) மாதிரி முக்காற்புள்ளியால் (:) பிரிந்தவற்றுக்கு அதுவே போதும். மூன்றாம் பத்தி முதல் கடைசி வரை வேண்டுமா, ‘3-’ என்றால் முடிந்தது. ‘ஆக்’கில் சுற்றி வளைக்க வேண்டும். ஆனால் பத்திகளை 3,1 என்ற வரிசையில் கேட்டாலும் ‘கட்’ 1,3 என்றுதான் தரும், பிடிவாதக்காரன்.