கையால செஞ்ச லாங்ரைஃபிள்: ஏழு வருஷம் கழிச்சு என் அனுபவம்

2018 அக்டோபர்ல முடிச்சேன், அதாவது முடிச்சதா நெனச்சேன். பென்சில்வேனியா லாங்ரைஃபிள்ங்கிற நீளத் துப்பாக்கி, ஃபிளின்ட்லாக் (கல்லு உரசுற பொறியில வெடிக்கிற ரகம்), 50 காலிபர் (துளை அரை இன்ச்), பேரல், அதாவது குழல் மட்டும் 44 இன்ச், நிக்க வச்சா என் தாடை வரைக்கும் வரும். செஞ்ச சூட்டோட போட்டோ போட்டு எழுதுறது பெரிய விஷயமில்ல, புதுசுல எல்லாமே பளபளன்னுதான் இருக்கும். ஏழு குளிர்காலம் காட்டுக்கு தூக்கிட்டுப் போன பிறகு எது நின்னுச்சு எது பல்லை இளிச்சுதுன்னு சொன்னாத்தான் செய்யப் போறவங்களுக்கு உபயோகம்னு தோணுச்சு, அதான் எழுதறேன்.

முதல்லயே ஒண்ணு. நம்ம ஊர்ல லைசென்ஸ் இல்லாம இந்த வேலைய தொட்டா 1959 ஆயுதச் சட்டத்துல மாட்டிக்குவீங்க, வாய் வழியா மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கியும் அதுல அடக்கம்தான். நான் இருக்கிறது அமெரிக்காவுல, பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் பக்கம், இங்க பழைய பாணி வாய்க்கெட்டித் துப்பாக்கிய தனக்குன்னு செஞ்சுக்க மத்திய சட்டத்துல தடை இல்ல, அதனால இது கிட்டத்தட்ட மரவேலைக்காரங்க பொழுதுபோக்கு மாதிரி ஆயிடுச்சு.

இதோட ஊரே இதுதான். 1700கள்ல ஜெர்மனி, சுவிட்சர்லாந்துல இருந்து வந்து குடியேறின கொல்லர்கள் அவங்க ஊர் யேகர் துப்பாக்கிய வச்சு ஆரம்பிச்சாங்க, அது குட்டையா தடியா பெரிய குண்டு போடுறது. காட்டுக்குள்ள ஈயமும் மருந்தும் சுமந்துட்டுப் போறவனுக்கு சின்ன குண்டுதானே லாபம், அதனால துளை சிறுத்துச்சு, பேரல் நீண்டுச்சு. பேரு என்னமோ கென்டக்கி ரைஃபிள்னு ஆயிடுச்சு, பெத்தது பென்சில்வேனியா பேர் வாங்கினது கென்டக்கி. பட்டு, அதாவது தோள்ல படற பின்பக்கத்தோட வளைவைப் பாத்தே இது லங்காஸ்டர், இது லீஹை, இது பெட்ஃபோர்ட்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, பேச்ச வச்சு மதுரையா நெல்லையான்னு நாம சொல்றதில்லையா அந்த மாதிரி.

நான் மரக்கட்டையில இருந்து ஆரம்பிக்கல, பாதி செதுக்கின ஸ்டாக்கும் (துப்பாக்கியோட மர உடம்பு) உதிரி பாகங்களுமா ஒரு கிட் வாங்கினேன். பேர் வேண்டாம், ஏன்னா ராம்ராட் (குண்ட உள்ள தள்ளற குச்சி) போற துளை உள்ள ஒரு பக்கமா ஓடிப் போயிருந்துச்சு, கேட்டதுக்கு மரம்னா அப்படித்தான்னு பதில் வந்துச்சு. பேரலுக்கும் அந்தத் துளைக்கும் நடுவுல மிச்சம் இருக்கிற மரமே கால் இன்ச்சுக்கும் கம்மி, அதுல ஓட்டம் வேறயா. சும்மா சொல்லக்கூடாது, மேப்பிள் மட்டும் அருமையான மரம், புலி வரி மாதிரி குறுக்குல அலை அலையா ஓடுற ரகம்.

பாகங்கள உக்கார வைக்கிறதுலதான் முக்கால்வாசி நேரம் போகும். விளக்குக் கரிய எண்ணெய்ல குழைச்சு பேரல்ல தடவி காடியில வச்சு ஒரு தட்டு தட்டி எடுத்தா எங்கெங்க முட்டுதோ அங்க கரி ஒட்டியிருக்கும், அந்த இடத்த மட்டும் உளியால ஒரு சீவு, மறுபடி கரி, மறுபடி தட்டு. லாக், அதாவது கல்ல அடிச்சு பொறி கிளப்பற பாகம் உக்கார்ற பள்ளத்துக்கு மட்டும் எனக்கு மூணு வாரம், வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ஒரு மணி நேரம்னு வச்சுக்கோங்க. நல்லா உக்காந்துருச்சுன்னா மரத்துக்கும் இரும்புக்கும் நடுவுல ஒரு தாள் கூட நுழையாது. என்னோடதுல மூணு பக்கம் நுழையாது, நாலாவது பக்கத்தைப் பத்தி பேச வேண்டாம்.

இப்ப ஃபினிஷ். நான் அடிச்ச கூத்தெல்லாம் இங்கதான்.

முதல் தப்பு உப்புத்தாள். தேய்க்க தேய்க்க வழுவழுன்னு ஆகுதேன்னு குஷியா தேய்ச்சுட்டேன், ஆனா உப்புத்தாள் மேட்டையும் பள்ளத்தையும் ஒண்ணாக்கிடும், விளிம்பெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிடும். அந்தக் காலத்து கொல்லன் கையில இருந்தது ஸ்க்ரேப்பர், ஒரு இரும்புத் தகடு, அவ்வளவுதான். அது மரத்த அராவாது, சீவும், பிஞ்சு வெங்காயத் தோல் மாதிரி சுருள் சுருளா வரும். சீவின மேப்பிள்ல வரிகள் தெளிவா நிக்கும், தேய்ச்சதுல லேசா மங்கலாத்தான் தெரியும். என் துப்பாக்கியில இடது பக்கம் ஸ்க்ரேப்பர், வலது பக்கம் பெரும்பாலும் உப்புத்தாள், இன்னிக்கும் வெயில்ல பிடிச்சா ரெண்டு பக்கமும் ரெண்டு மரம் மாதிரி இருக்கு.

அடுத்தது நிறம். அக்வா ஃபோர்டிஸ்னு சொல்வாங்க, நைட்ரிக் அமிலத்துல இரும்பக் கரைச்ச திரவம். நான் ரெடிமேடா ஒரு பாட்டில் வாங்கினேன், அமிலத்தோட விளையாட எனக்கு தைரியம் கிடையாது. தடவினதும் மரம் ஒரு மாதிரி அசிங்கமான பச்சை கலந்த சாம்பல் நிறத்துக்குப் போச்சு, நாறின பாசி மாதிரி, ரெண்டு வருஷ உழைப்பு போச்சுடான்னு வயித்துல புளியக் கரைச்சுருச்சு. அப்புறம் ஹீட் கன்னை மெதுவா கொண்டு போனேன் பாருங்க, சூடு போற இடத்துல எல்லாம் அந்தப் பச்சை செத்து செம்பழுப்பு எழும்புது, அதுக்குள்ள ஒவ்வொரு வரியும் கறுப்பா எந்திரிச்சு வருது. வரி இருக்கிற இடத்துல மரநார் மேல் நோக்கி வளைஞ்சு நிக்கிறதால அங்க திரவம் கூடக் குடிக்கும், அதான் அங்க கறுக்குது. சூட்டுல உள்ளயே இரும்பு ஆக்சைடா மாறிடுறதால சாயம் மாதிரி வெளுக்கவும் செய்யாது. ஏழு வருஷத்துல நிறம் ஒரு இழை கூட மங்கல, இதுக்கு முழு மார்க்.

ஆனா அமிலத்த சாகடிக்கணும். வெளிப்பக்கம் எல்லாம் பேக்கிங் சோடா தண்ணியால நல்லா துடைச்சேன், லாக் பள்ளத்துக்குள்ளயும் பட் பிளேட்டுக்கு (பின்பக்க முனையில அடிக்கிற உலோகத் தகடு) அடியிலயும் ஒழுகிப் போனதை மறந்துட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு பட் பிளேட்ட கழட்டப் போனா ஸ்க்ரூ அசையல, கொஞ்சம் பலமா திருகினேன், தலை தனியா கையில வந்துருச்சு. உள்ள பாத்தா மரத்துல கருந்திட்டு, ஸ்க்ரூ முழுக்க துரு தின்னுருக்கு. துளை போட்டு மிச்சத்த எடுக்க ஒரு முழு சனிக்கிழமை. பள்ளத்துக்குள்ள அமிலம் போகாம பாத்துக்கோங்க, போயிட்டா உள்ளயும் சோடா தண்ணிதான் வழி.

அதுக்கு மேல ஆளி விதை எண்ணெய். இங்கயும் ஆசை விடல, பதினாலு கோட்டு. கடைசியில கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, என் வீட்டுக்காரி பாத்துட்டு "என்னங்க, டைனிங் டேபிளை சுவத்துல மாட்டின மாதிரி இருக்கு"ன்னா. கோவம் வந்துச்சு, ஆனா உண்மை. நாசரத் பக்கத்துல ஜேக்கப்ஸ்பர்க்ல லாங்ரைஃபிளுக்குன்னே ஒரு மியூசியம் இருக்கு, அங்க போய் பழைய துப்பாக்கிகள பக்கத்துல பாத்தேன், ஒண்ணு கூட அப்படி மினுங்கல. திரும்பி வந்து மெல்லிசு ஸ்டீல் உல்லால மேல இருந்த கண்ணாடிய தேய்ச்சு எடுத்துட்டு தேன்மெழுகு மட்டும் தடவினேன். எனக்கு இப்ப மூணே கோட்டு போதும், மரத்துக்குள்ள போகணும், மேல நிக்கக் கூடாது.

இன்னொண்ணு முக்கியமா, எண்ணெய் துடைச்ச துணிய உருட்டி மூலையில போடாதீங்க. நான் ஒரு டப்பாவுல திணிச்சுட்டு சாப்பிடப் போயிட்டு வந்து எடுத்தா துணி சுடுது, அடுப்பே பக்கத்துல கிடையாது. ஆளி விதை எண்ணெய் காயறப்ப தானா சூடாகும், சுருட்டி வச்சா அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம தானே பத்திக்கும். வெளிய விரிச்சுக் காயப் போடுங்க, இல்ல தண்ணியில முக்கிப் போடுங்க.

பேரலுக்கு பழுப்பு நிறம் ஏத்தற பிரவுனிங் பத்தி சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா குறை எதுவும் இல்ல. துருப்பிடிக்க வைக்கிற திரவத்த தடவி ஈரமான இடத்துல வச்சு துருப்பிடிக்க விட்டு, தேய்ச்சு, மறுபடி துருப்பிடிக்க விட்டு, ஆறு தடவை. பேரு துருதான், ஆனா எண்ணெய் போட்டு நிறுத்திட்டா காப்பிக்கொட்டை நிறத்துல அப்படியே நிக்குது, காட்டுல மினுங்காது. பித்தளையை நான் தேய்க்கறதே இல்ல, கறுத்து அழகா இருக்கு.

ஃபோர்ஸ்டாக்க, அதாவது பேரலுக்கு அடியில ஓடற முன்பக்க மரத்த, பேரலோட பிடிச்சு வைக்கிறது சின்ன ஊசி மாதிரி பின்கள், பேரலுக்கு அடியில இருக்கிற காதுல நுழையும். அந்தக் காதுல வட்டமா துளை போடாம நீளவாக்குல காடி மாதிரி போடணும்னு சொன்னாங்க, கேட்டேன். நல்லவேளை. குளிர்ல வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடறப்ப காத்து காய்ஞ்சு மரம் சுருங்கும், ஆகஸ்ட்ல ஊதும், இரும்பு அது பாட்டுக்கு இருக்கும். வட்டத் துளை போட்ட நண்பர் ஒருத்தரோட ஃபோர்ஸ்டாக்ல மூணாவது குளிர்லயே கீறல் விட்டுருச்சு.

உபயோகத்துல எப்படின்னா, பென்சில்வேனியாவுல கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஃபிளின்ட்லாக்குக்குன்னே தனி மான் சீசன் தொடங்கும், 1974ல இருந்து நடக்குது. பனி கொட்டும், இந்தத் துப்பாக்கிக்கு ஜென்ம எதிரி ஈரம். கல்லு எஃகுல உரசி சின்னச் சின்ன எஃகுத் துணுக்கு பத்திக்கிட்டு விழறதுதான் பொறி, கீழ தட்டுல இருக்கிற மருந்து நமத்துப் போயிருந்தா புஸ்ஸுனு ஒரு சத்தம், மான் திரும்பி நம்மள ஒரு பார்வை பாக்கும் பாருங்க. ஏழு வருஷத்துல ரெண்டு மான், பதினோரு புஸ். இதுல துப்பாக்கி மேல பழி போட முடியாது, லாக்க துணியால மூடிட்டு நடக்கற பழக்கம் வரவே எனக்கு நாலு வருஷம் ஆச்சு.

சுட்ட அன்னிக்கே கழுவணும், நாளைக்குன்னு தள்ளினா தீர்ந்துச்சு. கருமருந்துப் புகைக்கசடு காத்துல இருக்கிற ஈரத்த இழுத்து இரும்ப தின்னும். வெதுவெதுப்பான தண்ணியும் சோப்பும் போதும், கொதிக்கிற தண்ணி ஊத்தினா உள்ள உடனே செந்துரு பூக்குது, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

செலவு கிட்டத்தட்ட 1,100 டாலர், உளி ஸ்க்ரேப்பர் எல்லாம் தனி. இப்ப மெஷின்ல துல்லியமா வெட்டி வர்ற கிட் கிடைக்குது, அவசரக்காரங்க அத வாங்கிக்கலாம், தப்பே இல்ல, ஆனா கரி தடவி தட்டுற சொகம் அதுல பாதி போயிடும்.

இன்னிக்கு எடுத்துப் பாத்தா இடது கை தாங்கற இடம் கறுத்து வழவழன்னு இருக்கு, கன்னம் படற இடத்துல மெழுகு தேஞ்சு மரம் தெரியுது, லாக்கை சுத்தி புகை ஏறிக் கிடக்கு. மியூசியத்துல பாத்ததெல்லாம் இதே இடங்கள்லதான் கறுத்திருந்துச்சு. பேஸ்மென்ட்ல அடுத்ததுக்கு ஒரு மேப்பிள் பலகை காயுது, இந்த தடவை முழுக்கட்டை, உப்புத்தாள் வீட்டுக்குள்ளயே வராது, ராம்ராட் துளையும் நானே போடப் போறேன், அது எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாப்போம்.