பாதி ஆழத்தில் நிற்பதா, 5 மீட்டரில் மட்டும் நிற்பதா?

சேலத்திலிருந்து புதுச்சேரிக்கு ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் ‘டீப் ஸ்டாப்’ வசதி உண்டு. 30 மீட்டர் இறங்கினால், ஏறும்போது 15 மீட்டரில் இரண்டரை நிமிடம் நிற்கச் சொல்லும். அதன் பிறகே 5 மீட்டரில் வழக்கமான மூன்று நிமிட சேஃப்டி ஸ்டாப். டெகோ (ஏறும்போது கட்டாயமாக நின்று நைட்ரஜனை வெளியேற்றுவது) இல்லாத டைவுக்கு முதலாவது தேவையா?

ஆழத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் உடல் திசுக்களில் கரைகிறது; வேகமாக ஏறினால் அது குமிழாகி டிகம்ப்ரஷன் நோயைத் தரலாம். 30 மீட்டரில் 20 நிமிடம் இருந்ததாக வைத்துக் கணக்குப் போடுவோம். 5 நிமிடத்தில் பாதி நிரம்பும் வேகமான திசுவில் நைட்ரஜன் சுமார் 3 பார் (அழுத்த அலகு); 40 நிமிடம் எடுக்கும் திசுவில் ஒன்றரை பார்தான். 15 மீட்டரில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் அழுத்தம் 2 பார். ஆக, அங்கே நின்றால் வேகமான திசு காலியாகும், மெதுவான திசு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். 5 மீட்டரில் காற்றின் நைட்ரஜன் அழுத்தம் 1.2 பார், இரண்டு திசுவிலும் இறங்கும்.

டீப் ஸ்டாப்புக்கு ஆதரவே இல்லையா என்றால், உண்டு. ஆய்வாளர்கள் பென்னட், மரோனி குழுவின் 25 மீட்டர் சோதனைகளில் 15 மீட்டரில் நின்றவர்களுக்கு டாப்ளர் (ரத்தத்தில் குமிழைக் கண்டறியும் ஒலிக்கருவி) சோதனையில் குமிழ்கள் குறைந்தன. ஆனால் அவர்கள் அளந்தது குமிழை; நோயை அல்ல. நோயையே எண்ணிய அமெரிக்கக் கடற்படைச் சோதனையில் (அறிக்கை 2011) மொத்த டெகோ நேரம் ஒன்றாக இருந்தும், ஆழத்தில் அதிகம் நின்றவர்களுக்கே டிகம்ப்ரஷன் நோய் கூடுதலாக வந்தது. சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். அது 52 மீட்டர் டெகோ டைவ்; நம் டைவுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் டீப் ஸ்டாப்பை நம்பச் சொல்லும் சான்றும் அல்ல.

காற்றுச் செலவையும் பாருங்கள். நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு 15 மீட்டரில் இரண்டரை நிமிடம் 125 லிட்டர். 11 லிட்டர் சிலிண்டரில் 11 பார். அதே காற்றில் 5 மீட்டரில் நான்கு நிமிடத்துக்கு மேல் நிற்கலாம். கலங்கிய நீரில், பிடிக்கக் கயிறு இல்லாமல் 15 மீட்டரில் மிதப்பைக் காப்பது புதியவருக்குச் சிரமம். மேலும் கீழும் அலைந்தால் நின்றதே வீண்.

எங்கள் பரிந்துரை: டீப் ஸ்டாப்பை ஆஃப் செய்யுங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறி, 5 மீட்டரில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கடைசி 5 மீட்டருக்கு ஒரு நிமிடமாவது எடுங்கள். அவசரப்படுவது பெரும்பாலும் அங்கேதான்.

எந்த ஸ்டாப் போட்டாலும் டைவுக்குப் பின் மலை ஏறும் கணக்கு மாறாது; உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் குமிழ் அபாயம் கூடும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரத்துக்குள். ஆத்தூர் வழியாக வீடு திரும்பலாம். ஏற்காடு 1,500 மீட்டர். விமானப் பயணத்துக்கான டான் (DAN, டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பு) விதியையே அதற்கும் வையுங்கள்: ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18. நண்பகலில் இரண்டாம் டைவ் முடிந்தால், மறுநாள் காலை 6 மணிக்கு முன் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை ஏற்றாதீர்கள்.