கமிட்டில் யார் பெயர், எந்த இடத்தில்?

காரைக்குடியில் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளுக்கு ஆர்டர், இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதும் சின்னக் குழு எங்களுடையது. ஒருவர் எழுதுவார், பக்கத்து நாற்காலிக்காரர் வழி சொல்வார், இன்னொருவர் சரிபார்ப்பார். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதியும் கருவியான கிட், ஒவ்வொரு கமிட்டிலும் (பதிவிலும்) தானாகக் குறித்துக்கொள்வதோ ஆதர் (எழுதியவர்), கமிட்டர் (பதிந்தவர்) என்ற இரண்டு பெயர்களைத்தான். மற்றவர்களை எங்கே எழுதுவது?

ஆதர்ஸ் கோப்பு ஒன்று வைக்கலாம். நன்றிப் பட்டியலாக அது போதும். எந்த வரியில் யார் கை பட்டது என்று அதில் தெரியாது.

கிட் களஞ்சியங்களை வைக்கும் தளமான கிட்ஹப்பில், புல் ரிக்வெஸ்ட்டுக்கு (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைக்கு) கிடைக்கும் அப்ரூவல் வசதியானதுதான், ஆனால் அது அந்தத் தளத்தின் பதிவு. களஞ்சியத்தை க்ளோன் செய்தால் (நகலெடுத்தால்) அது உடன் வராது. கிட் நோட்ஸ் கமிட்டின் ஹேஷை (அடையாளக் குறியை) மாற்றாமல் பின்னால் குறிப்பு சேர்க்கும். ஆனால் சாதாரண புஷ்ஷில் (பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பும்போது) அது போகாது, அதற்கென்று தனியாகச் சொல்ல வேண்டும். ஆள் மறந்துவிடுவார்.

என் ஓட்டு ட்ரெய்லருக்கு. கமிட் செய்தியின் கடைசியில், ஒரு வெற்று வரிக்குப் பின் வரும் 'ரிவ்யூட்-பை', 'கோ-ஆதர்ட்-பை' வரிகள். பெயரோடு மின்னஞ்சலும் கட்டாயம் வேண்டும். நம் பக்கத்தில் தாத்தா பெயர் பேரனுக்கு வரும், ஊருக்கு நாலு அண்ணாமலை. விலாசம் சேர்த்தால்தான் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியும். இங்கே மின்னஞ்சல்தான் விலாசம். அது கணக்கில் உள்ளதோடு பொருந்தினால்தான் கிட்ஹப் இணை ஆசிரியராகக் காட்டும். 2018-இல் வந்த வசதி இது. ஒருவரே இரண்டு மின்னஞ்சல் வைத்திருந்தால் மெயில்மேப் கோப்பில் இணைத்துவிடலாம்.

எல்லா ட்ரெய்லரும் ஒன்றல்ல. 'சைன்ட்-ஆஃப்-பை' நன்றியும் இல்லை, சரிபார்ப்பும் இல்லை. லினக்ஸில் தன் நிரல் இருக்கிறது என்று எஸ்சிஓ நிறுவனம் போட்ட வழக்குக்குப் பிறகு, 2004-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் வந்தது. 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்ற உறுதிமொழி அது. 'ரிவ்யூட்-பை' படித்துப் பார்த்துத் தகுதியானது என்று சொல்வது. 'ஆக்ட்-பை' அதைவிட லேசானது, ஆட்சேபம் இல்லை என்கிற அளவு. சரிபார்த்தவர் தன் வாயால் சொல்லாமல் 'ரிவ்யூட்-பை' வரியை நீங்களாகப் போடுவது கள்ளக் கையெழுத்துக்குச் சமம், என்னைக் கேட்டால்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சரிபார்ப்பு கமிட்டுக்குப் பிறகுதான் நடக்கிறது; செய்தியைத் திருத்தினால் ஹேஷ் மாறும். அதனால் மெர்ஜுக்கு (முதன்மைக் கிளையோடு இணைப்பதற்கு) முன், கிளை இன்னும் நம் கையில் இருக்கும்போதே, சேர்த்துவிடுங்கள். ஸ்குவாஷ் செய்வதாக (பல கமிட்டுகளை ஒன்றாக்குவதாக) இருந்தால் பொத்தானை அழுத்துமுன் செய்திப் பெட்டியை ஒருமுறை பாருங்கள்: இணை ஆசிரியர் பெயர்களை கிட்ஹப் தானே நிரப்பும், சரிபார்த்தவர் பெயரை நாம்தான் தட்ட வேண்டும்.