செல்வமகளா, நகைச்சீட்டா, ஏலச்சீட்டா? மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எங்களுக்குக் கைகொடுத்தது

2025இல் மகள் பொறியியல் சேர்ந்தாள். கல்விக் கடன் வாங்கவில்லை. எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் வீட்டில் நாங்கள் பேசிப் பார்த்த மூன்று வழிகளையும் எழுதுகிறேன். நாங்கள் எடுத்தது செல்வமகள் சேமிப்புத் திட்டம். என் பேச்சு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

அதற்கு முன் ஒன்று. பிள்ளை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் முதலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை விசாரியுங்கள். அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. என் மகள் படித்தது தனியார் பள்ளி, எங்களுக்கு அந்த வழி இல்லை.

நகைச்சீட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான், 11 மாதம் கட்டி நகையாக எடுப்பது. வெறும் லாபக் கணக்கில் தங்கம்தான் ஜெயிக்கும், அதை மறைக்க மாட்டேன். 2015இல் சவரன் 20,000 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது, 2025 நடுவில் 70,000ஐத் தாண்டிவிட்டது. சேதாரம், செய்கூலி போனாலும் லாபம்தான். ஆனால் பெண்ணுக்கென்று எடுத்த நகையை எந்த வீட்டில் மனசார விற்கிறார்கள்? கல்யாணத்துக்கு இருக்கட்டும் என்று அடகுதான் வைப்பார்கள். வட்டி கட்ட ஆரம்பித்துவிட்டால் அதுவும் கடன்தானே.

ஏலச்சீட்டு நான் ஒரே ஒரு முறை போட்டிருக்கிறேன், 20 மாதச் சீட்டு, அதை வைத்துப் பெரிதாகப் பேசக் கூடாது. பார்த்தவரை, ஜூன் மாதம் நம்மைப் போலவே பலருக்கும் பீஸ் கட்டப் பணம் வேண்டியிருக்கும், அதனால் ஏலத்தில் தள்ளு, அதாவது சீட்டை எடுக்க நாம் விட்டுக்கொடுக்கும் தொகை, ஏறிவிடுகிறது. எடுத்த பிறகு ஜாமீன் வேறு காட்ட வேண்டும். போடுவதென்றால் பதிவு செய்த சீட்டாக இருக்கட்டும்.

செல்வமகள் கணக்கைப் பெண்ணுக்குப் பத்து வயது முடிவதற்குள் தபால் நிலையத்திலோ வங்கியிலோ தொடங்க வேண்டும். வருடம் குறைந்தது 250, அதிகபட்சம் 1,50,000 ரூபாய், 15 வருடம் கட்டலாம். வட்டிக்கு வரி கிடையாது. நாங்கள் 2015 ஏப்ரலில் தொடங்கி மாதம் 3,000 கட்டினோம். வட்டி நடுவில் 7.6 சதவீதத்துக்கு இறங்கி, அப்புறம் 8.2க்கு ஏறியது. பத்து வருடத்தில் கட்டியது 3,60,000, கணக்கில் இருந்தது ஐந்து லட்சத்துக்கு மேல்.

ஆனால் வட்டிக்காக இதைச் சிபாரிசு செய்யவில்லை. நினைத்த நேரத்தில் கைவைக்க முடியாது, அதுதான் காரணம். இந்தப் பத்து வருடத்தில் வீட்டுக்கூரை ஒழுகியது, கொழுந்தனார் கல்யாணம் வந்தது, ஊரடங்கில் என் கணவருக்கு நான்கு மாதம் சம்பளம் இல்லை. கையில் நகையோ சீட்டுப் பணமோ இருந்திருந்தால் ஒவ்வொரு முறையும் அதுதான் முதலில் போயிருக்கும், அதில் தப்பும் சொல்ல முடியாது, அவசரம் அவசரம்தான். இந்தப் பணத்தை எடுக்க வழியே இல்லாததால் நாங்கள் வேறு வழி தேடினோம், பணம் அவள் படிப்புக்கென்றே மிஞ்சியது.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. பெண் பத்தாவது முடித்த பிறகோ பதினெட்டு வயதானாலோ படிப்புக்காக எடுக்கலாம், ஆனால் முந்தைய மார்ச் 31 அன்று கணக்கில் இருந்ததில் பாதி வரைதான். எங்களுக்கு அது இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல் வந்தது. வருடத்துக்கு ஒரு தடவை வீதம் ஐந்து வருடத்தில் பிரித்தும் வாங்கலாம். மீதி கணக்கிலேயே வட்டியோடு வளரும். அட்மிஷன் கடிதமோ கட்டண ரசீதோ காட்டினால்தான் பணம் தருவார்கள், கலந்தாய்வில் இடம் கிடைத்ததும் ஒரு சில நாள்களில் கட்டியாக வேண்டிய தொகைக்கு இது உதவாது. அதற்கென்று தபால் நிலையத்தில் மாதாமாதம் கட்டும் ஐந்து வருட ஆர்.டி. ஒன்று தனியாகப் போட்டிருந்தோம், அது இல்லாவிட்டால் அந்த வாரமே யாரிடமாவது கைமாற்று கேட்டிருப்போம்.

பையனுக்குச் செல்வமகள் கிடையாது. அவன் பெயரில் பொன்மகன் பொதுவைப்பு நிதி போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது, அது எப்படி என்று சொல்ல இன்னும் நாளாகும்.