பீரோவுக்குப் போகாத பொருள்கள்: சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான வகுப்பறைச் சாமான்கள், ஒரு மதிப்பீடு

'சென்சரி கிட்' என்றும் 'இன்க்ளூஷன் கிட்' என்றும் இணையக் கடைகளில் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். பென்சில் பிடி, நிறத்தாள், மணல் கடிகாரம், காற்றடைத்த திண்டு, காது மூடி எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பெட்டியாக வாங்கினால் பாதிக் காசு வீண். நீள பெஞ்ச், முப்பத்தைந்து பிள்ளைகள், ஒரே ஆசிரியர், 40 நிமிடப் பாடவேளை என்பதுதான் நம் வகுப்பறை. எடுத்து, பொருத்தி, பாடத்தைத் தொடர ஒரு நிமிடத்துக்கு மேல் கேட்கிற எந்தப் பொருளும் இரண்டாவது வாரமே பீரோவுக்குள் போய்விடும். இங்கே ஒவ்வொன்றையும் அந்த ஒரு நிமிடக் கணக்கில்தான் எடை போட்டிருக்கிறது.

வாசிப்புச் சன்னல் அட்டையிலிருந்து தொடங்கலாம். நடுவில் நீளமாகத் துளை வெட்டிய அட்டை இது. வரி தாவிப் படிக்கும் பிள்ளைக்கும், பக்கத்தைப் பார்த்ததுமே மலைத்துப்போகும் பிள்ளைக்கும் ஒரு வரியை மட்டும் காட்டும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கில எழுத்தின் உயரத்துக்கு வெட்டப்பட்டவை, தமிழுக்கு உதவாது. தமிழ் வரிக்கு மேலே புள்ளியும் கி, கீ போன்றவற்றின் வளைவும் உண்டு. கீழே சு, பூ, யு ஆகியவற்றின் வால் தொங்கும். குறுகிய சன்னலில் மேல்விளிம்பு புள்ளியை மறைத்தால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். கீழ்விளிம்பு வாலை மறைத்தால் 'பு' என்பது 'ப' ஆகிவிடும். பிள்ளை கண்ணுக்குத் தெரிந்ததைச் சரியாகவே வாசிக்கும், நாம் தப்பு என்போம்.

ஆகவே சொந்தமாக வெட்டுவதே மேல். பாடப்புத்தகத்தில் ஒரு வரியின் புள்ளி உச்சியிலிருந்து அடுத்த வரியின் புள்ளி உச்சி வரை ஸ்கேலால் அளந்து, அதே உயரத்துக்குத் துளை போட வேண்டும். முதல் வகுப்புப் புத்தகத்துக்கும் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்துக்கும் ஒரே அட்டை பொருந்தாது. கல்யாணப் பத்திரிகை அட்டையின் பளபளப்பில்லாத பின்பக்கம் இதற்கு அருமை. பளபளக்கும் பக்கத்தில் வகுப்பறைச் சன்னலின் வெளிச்சம் பட்டால் கண் கூசும். ஓரளவு வேகம் வந்த பிள்ளையிடம் இந்தச் சன்னலை வாங்கி வைத்துவிட்டு, வெறும் அட்டையைக் கொடுங்கள். படித்து முடித்த வரிகளின் மேல் அதை வைத்து, கீழ்வரிகள் திறந்திருக்கும்படி இறக்கிக்கொண்டே வரட்டும். அடுத்த வரி எங்கே ஆரம்பிக்கிறது என்று கண் முன்கூட்டியே பார்க்க வேண்டும், சன்னல் அதைத் தடுக்கிறது.

எழுத்தை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டும் தள்ளு அட்டையில் இன்னொரு சிக்கல். இடமிருந்து வலமாக மெல்லத் தள்ளினால் 'கொ' என்ற எழுத்தில் முதலில் கொம்புதான் வெளியே வரும், ககரம் பிறகு, கால் கடைசியில். உச்சரிப்பு வரிசை வேறு, கண்ணில் படும் வரிசை வேறு. கெ, கே, கை, கொ, கோ எல்லாவற்றையும் முழு எழுத்தாக ஒரே தள்ளலில் திறக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளை மேலும் திணறும். ஆங்கிலத்துக்கு வரும் 'பி–டி' (b–d) குழப்ப அட்டைகளையும் தமிழ்வழி வகுப்புக்கு வாங்காதீர்கள். இங்கே குழம்புவது ர–கால், ண–ன, எ–ஏ. அதற்கான அட்டைகளை ஸ்கெட்ச் பேனாவால் அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம்.

பக்கத்தின் மேல் வைத்துப் படிக்கும் நிறத்தாள் மேலுறைகளை விட்டுவிடலாம். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாட்டை நிறத்தாளோ நிறக்கண்ணாடியோ சரிசெய்யும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லையென அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009-இலேயே கூட்டாக அறிவித்துவிட்டன. கண் கூச்சம் குறைவதாகப் பிள்ளையே சொன்னால் வெளிர்மஞ்சள் தாளில் நகல் எடுத்துக் கொடுங்கள், அதற்கு மேல் செலவு வேண்டாம்.

பென்சில் பிடி மலிவுதான். ஆனால் மாட்டத் தெரியாமல் மாட்டினால் பயனில்லை. பக்கங்களில் 'ஆர்', 'எல்' என்று பொறித்த பிடியில், வலக்கைக்காரரின் கட்டைவிரல் 'ஆர்' மேல் உட்கார வேண்டும், இடக்கைக்காரருக்கு 'எல்'. திருப்பி மாட்டினால் விரல் இன்னும் கோணும். அடிக்கடி வரும் புகார் பிடி கீழே வழுக்கிக் கூர்முனையை மூடுவது. பென்சிலில் ஒரு சுற்று செல்லோ டேப் ஒட்டிவிட்டு மாட்டினால் நிற்கும். வாயில் வைத்துக் கடிக்கும் பிள்ளைக்குச் சிறிய பிடி ஆபத்து, தொண்டைக்குள் போகலாம். அவர்களுக்குத் தடித்த முக்கோணப் பென்சில் நல்லது. கூடவே இரண்டு துளைச் சீவியும் வாங்குங்கள். சாதாரணச் சீவிக்குள் அந்தப் பென்சில் நுழையாது. முனை மழுங்கிய அன்றே பென்சில் மூலைக்குப் போய்விடும். ஒன்றாம் வகுப்பானால் பிடியோ தடித்த பென்சிலோ தேவையில்லை. கிரேயானை 3 செ.மீ. துண்டுகளாக உடைத்துக் கொடுத்தால் முஷ்டியில் பிடிக்க இடமே இருக்காது, மூன்று விரல் தானாக வந்து சேரும்.

சாய்வுப் பலகை கடையில் விலை அதிகம். அதே வேலையைத் தடித்த பாக்ஸ் ஃபைல் செய்யும். முதுகுப்பக்கம் பிள்ளைக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி வைத்தால் சுமார் 15 டிகிரி சாய்வு கிடைக்கும். மணிக்கட்டு நிமிரும், கழுத்து குனிவது குறையும். பார்வை குறைந்த பிள்ளை மூக்கு தாளில் படும் அளவுக்கு வளைந்து உட்கார வேண்டியிருக்காது. மேல்விளிம்பில் கிளிப் வேண்டும். அடியில் அலமாரிக்கு விரிக்கும் ரப்பர் வலைத்தாளில் ஒரு துண்டு வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் ஒரு கை பலகையைப் பிடிப்பதிலேயே போய்விடும். வாங்கும் முன் டெஸ்க்கின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். பழைய டெஸ்க்குகள் குறுகலானவை, ஏற்கெனவே சாய்வானவையும் உண்டு. கடைப் பலகை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இடக்கைப் பிள்ளையைப் பெஞ்சின் இடக்கோடியில் உட்கார வையுங்கள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிபடாமல் எழுத அதுவே பாதி வைத்தியம்.

சிவப்பு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும் டைமர், மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கும் 'இன்னும் எவ்வளவு நேரம்' என்பதைக் காட்டிவிடும். நல்ல பொருள். ஆனால் 60 நிமிட வட்டத்தில் 5 நிமிடம் என்பது சின்னக் கீற்றுதான், கடைசி பெஞ்சுக்குத் தெரியவே தெரியாது. வகுப்பு வேலைக்கு 20 நிமிட வட்டம் பொருத்தம். மலிவான சாவி டைமர்கள் 'டிக் டிக்' என்று அடித்து, முடிவில் அலறும். ஆட்டிசம் உள்ள பிள்ளை அந்த அலறலுக்காகவே காத்துப் பதறும். ஓசையை அணைக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மணல் கடிகாரம் வேண்டாம். வேலையை விட்டுவிட்டு மணலைப் பார்ப்பார்கள்.

அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசையில் காட்டும் படக்கால அட்டவணையைப் பொறுத்தவரை வெல்க்ரோ பட்டையில் ஒரு விதி: சொரசொர பக்கம் எல்லாப் பலகைகளிலும், மெத்துப் பக்கம் எல்லா அட்டைகளிலும். கலந்துவிட்டால் ஒரு வகுப்பின் படம் இன்னொரு வகுப்பின் பலகையில் ஒட்டாது. இணையத்தில் எடுத்த கார்ட்டூன் படங்களைவிட அந்தப் பள்ளியின் கழிவறைக் கதவு, சத்துணவுக் கூடம், மைதானம் ஆகியவற்றின் புகைப்படம் வேகமாகப் புரியும். லேமினேஷன் பளபளப்பில் படம் தெரியாமல் போவதுண்டு, மேட் ஷீட் கேளுங்கள். நாள் முழுக்க உள்ள அட்டவணை குழப்பும் பிள்ளைக்கு இரண்டே கட்டம் போதும்: 'முதலில்', 'பிறகு'. முடிந்த படத்தைப் பிள்ளையே கழற்றி டப்பாவில் போட வேண்டும். ஆசிரியர் கழற்றினால் அது சுவர் அலங்காரமாகிவிடும்.

காற்றுத் திண்டு தனி நாற்காலிக்கு உரியது. மூவர் உட்காரும் பெஞ்சில் வழுக்கும், பக்கத்தவரையும் ஆட்டும். கால் சும்மா இராத பிள்ளைக்குப் பழைய சைக்கிள் டியூபை டெஸ்க்கின் முன்கால்களுக்கு இடையே கட்டிவிட்டால் பாதத்தால் அழுத்திக்கொண்டே எழுதலாம், சத்தமும் வராது. காது மூடியைத் தொழிற்சாலைச் சாமான் கடையில் வாங்கினால் பெரியவர் அளவுதான் கிடைக்கும், சின்னத் தலையில் நழுவும். குழந்தை அளவு பார்த்து வாங்கி, காலை வழிபாடு, மணி, சத்துணவு நேரம் ஆகியவற்றுக்கு மட்டும் கொடுங்கள். நாள் முழுக்கப் போட்டிருந்தால் ஆசிரியர் குரலும் கேட்காது, சத்தத்தின் மீதான பயமும் ஏறும். வெயில் காலத்தில் உள்ளே வியர்த்து, பிள்ளையே கழற்றி எறிந்துவிடும்.

குறைபார்வைப் பிள்ளைக்கு விலையுயர்ந்த உருப்பெருக்கிக்கு முன் ஜெராக்ஸ் கடைக்குப் போகலாம். ஏ4 தாளை ஏ3 ஆக்கினால் 141 சதவீதம் பெரிதாகும், 12 புள்ளி (பாயிண்ட்) அளவு எழுத்து ஏறத்தாழ 17 ஆகிவிடும். பலருக்கு அது போதாது. அதற்கு மேல் நகல் எடுத்தால் தாள்தான் டெஸ்க்கை மீறும். 24 புள்ளியில் புதிதாகத் தட்டச்சு செய்து அச்சிடுவதே சரி. பென்சிலுக்குப் பதில் கறுப்பு ஸ்கெட்ச் பேனா, தடித்த கோடு போட்ட நோட்டு.

காதொலிக் கருவிக்குத் துணையாக விற்கும் பேட்டரி டெஸ்டரை முழுக்க நம்ப வேண்டாம். அந்தக் கருவியில் போடும் துத்தநாகக் காற்று பேட்டரி கடைசி வரை ஏறக்குறைய ஒரே மின்னழுத்தம் காட்டிவிட்டுத் திடீரென விழும். காலையில் சரியாகக் காட்டியது மதியம் நிற்கலாம். மாற்று பேட்டரி ஒரு அட்டை பள்ளியிலேயே இருக்கட்டும்: 13-ஆம் எண்ணுக்கு ஆரஞ்சு ஸ்டிக்கர், 312-க்குப் பழுப்பு, 675-க்கு நீலம். ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்று பட விட்டுத்தான் போட வேண்டும். டெஸ்டரைவிட நல்ல சோதனை காசில்லாதது. பிள்ளைக்குப் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என ஆறு ஒலிகளைச் சாதாரணக் குரலில் சொல்லுங்கள், அது திருப்பிச் சொல்லட்டும். முன்னால் நின்றால் உதட்டைப் படித்துவிடும். நேற்று கேட்ட ஸ், ஷ் இன்று கேட்கவில்லையென்றால் காதுக்குள் பொருத்தும் அச்சில் அழுக்கோ ஈரமோ அடைத்திருக்கலாம். ஒன்றுமே கேட்கவில்லையென்றால் முதலில் பேட்டரி.

பெற்றோரிடம் காசு கேட்கும் முன் ஒன்று பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு சான்றளிக்கப்பட்ட மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகம், கற்றல் பொருள், உரிய உதவிக் கருவி ஆகியவற்றை இலவசமாகத் தரச் சொல்கிறது. காதொலிக் கருவி, பிரெயில் சிலேட்டு, சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு வட்டார வளமையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் சான்று நகலோடு எழுத்தில் கேளுங்கள். பள்ளியின் சில்லறை நிதியை அட்டை, கிளிப், வெல்க்ரோ, தடித்த பென்சில் ஆகியவற்றுக்கு வையுங்கள். சான்று இல்லாத, 40 சதவீதத்தைத் தொடாத பிள்ளைகளுக்கும் அவைதான் தேவைப்படும்.