பல்கலைக்கழகப் பொதுச் சொற்பொழிவுகள்: பேச்சைவிடக் கேள்வி நேரம்தான் சரக்கு

சர்வதேச அரசியல், மனித உரிமை பற்றிப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் பொதுச் சொற்பொழிவுகளை ரொம்ப நாளாகக் கேட்டு வருகிறேன். நேரில் போனதும் உண்டு, ஆனால் பெரும்பாலும் பதிவுகள்தான். பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் கிடையாது, மாணவராக இருக்க வேண்டியதும் இல்லை. சும்மா கிடைப்பது எப்படி இருக்குமோ என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், தரம் இருக்கிறது, எதைக் கேட்பது என்று பார்த்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய பெயருக்கு மயங்காதீர்கள். முன்னாள் அமைச்சர், முன்னாள் தூதர் என்றால் அரங்கு நிரம்பி வழியும். வந்தவர் பாதி நேரம் தன் பதவிக்காலப் பெருமையைப் பேசிவிட்டு, மீதி நேரம் பேச்சுவார்த்தை அவசியம், சூழல் சிக்கலானது என்று யாருக்கும் வலிக்காமல் முடித்துக்கொள்வார். அதைவிட, பெயர் தெரியாத ஒரு சட்டப் பேராசிரியர் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பேசும் உரைகள் எவ்வளவோ மேல். 1948 டிசம்பர் 10 அன்று மனித உரிமைப் பிரகடனம் ஐநா பொதுச்சபையில் நிறைவேறிய வாக்கெடுப்பைப் பற்றி மட்டுமே ஓர் உரை கேட்டேன். ஆதரவு 48, எதிர்ப்பு யாருமில்லை, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த எட்டும் யார் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோதுதான் சூடு பிடித்தது: சோவியத் ஒன்றியம் உட்பட ஆறு கம்யூனிஸ்ட் நாடுகள், சவுதி அரேபியா, அந்த ஆண்டுதான் நிறவெறிக் கொள்கையோடு புதிய அரசு அமைந்திருந்த தென்னாப்பிரிக்கா. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். அதில் ‘இது எங்கள் உள்நாட்டு விவகாரம்’ என்ற வாதம் இன்றைக்கும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது!

ஆனால் நான் இவற்றைத் தேடிப் போவது கேள்வி நேரத்துக்காகத்தான். போர்க்குற்றம், இனப்படுகொலை போன்றவற்றை விசாரிக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பற்றிய ஓர் உரையில், பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் அந்த நீதிமன்றத்தில் உறுப்பினர் இல்லை, ஆனாலும் 2011இல் ஐநா பாதுகாப்பு சபையில் உட்கார்ந்து, உறுப்பினராக இல்லாத லிபியாவின் விவகாரத்தை அங்கே விசாரணைக்கு அனுப்பக் கை தூக்கினார்களே, தாங்கள் ஏற்காத நீதிமன்றத்துக்கு இன்னொருவரை அனுப்ப இவர்களுக்கு என்ன யோக்கியதை என்று கேட்டார். பேச்சாளர் ஸ்லைடை விட்டுவிட்டார். அதற்கான வழி, அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய 1998 ரோம் சாசனத்திலேயே இருக்கிறது, அதனால் சட்டப்படி சரி, நியாயப்படி பதில் சொல்வது கஷ்டம் என்று ஒப்புக்கொண்டு பேசிய அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு மொத்த உரையும்.

இதைக் கெடுப்பதற்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது. தலைமை தாங்குபவர் மூன்று கேள்விகளைச் சேர்த்து வாங்கிக் கொடுப்பார், பேச்சாளர் லேசானதற்கு விரிவாகப் பதில் சொல்லிவிட்டு, ஆயுத விற்பனை பற்றிய கேள்வியை நைசாக நழுவ விட்டுவிடுவார். இன்னொரு இடத்தில் பதிவை ஏற்றும்போது கேள்வி நேரத்தையே வெட்டிவிட்டார்கள், கோபமாக வந்தது. அப்புறம் மேடையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்களும் ராஜதந்திரிகளும்தான், பாதிக்கப்பட்ட மக்கள் கூட்டத்தில் உட்கார்ந்து மைக்குக்காகக் காத்திருக்கிறார்கள். மனித உரிமை பேசும் இடத்தில் இது உறுத்துகிறது.

எங்கே ஆரம்பிப்பது என்றால், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் தன் பொது நிகழ்வுகளை பாட்காஸ்டாகவே வெளியிடுகிறது, எண்ணிக்கைக்குக் குறைவில்லை. 1597 முதல் இலவச உரைகள் நடத்தும் லண்டனின் கிரெஷாம் கல்லூரி பட்டம் தருவதில்லை, பல்கலைக்கழகமும் இல்லை, ஆனால் உரையை எழுத்து வடிவத்திலும் போடுகிறார்கள், ஆங்கில உச்சரிப்பு பிடிபடாதவர்களுக்கு அது பெரிய உதவி. சட்ட அடிப்படையே தெரியாது என்றால் ஐநாவின் சர்வதேசச் சட்ட ஒலி-ஒளி நூலகம் இருக்கிறது. பேராசிரியர்களும் நீதிபதிகளும் கேமராவைப் பார்த்துப் பாடம் நடத்துவார்கள், கொஞ்சம் வறட்சிதான், வேகத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.

நேரில் போகிறவர்கள் கேள்வியை ஒரே வரியில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். முன்னுரை நீண்டால் தலைமை தாங்குபவர் வெட்டிவிடுவார், பேச்சாளருக்கும் தப்பிக்க வழி கிடைத்துவிடும்.